நான்கு மீன்கள் காத்த முழங்கால்

நீச்சல் பைத்தியம் என்பதால் எல்லோரும் மீன்குட்டி என்று கூப்பிடும் அந்தச் சிறுமியால், மூடியிருக்கும் எதையும் திறக்காமல் இருக்க முடியாது. அடுப்பில் பாத்திரம் மூடியிருந்தால் தூக்கிப் பார்த்தே ஆகவேண்டும். இப்போது முழங்காலில் பிளாஸ்திரி வேறு. சும்மா விடுவாளா?

திங்கட்கிழமை நீச்சல் குளத்துப் படியில் வழுக்கி விழுந்ததில், விரல்நகம் அளவுக்குத் தோல் உரிந்துவிட்டது. சனிக்கிழமை தொடர் நீச்சல் போட்டி. அணிக்கு நான்கு பேர். ஒருவர் குறைந்தாலும் அணியே கிடையாது. காயம் மூடாவிட்டால் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று பயிற்சியாளர் கறாராகச் சொல்லிவிட்டார். தன்னால் மற்ற மூவரும் கரையில் உட்காரவேண்டுமே என்று நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

ஆறிவிட்டதா என்று செவ்வாய்க்கிழமை மட்டும் மூன்று தடவை பிரித்துப் பார்த்தாள். மூன்றாவது தடவை ஒரு பொட்டு ரத்தம் வந்தது.

பள்ளி நர்ஸ் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். காயத்தின் ஓரத்திலிருக்கும் தோல் செல்கள் பக்கத்துச் செல்லை விடாமல் பிடித்துக்கொண்டே, கூட்டமாக உள்பக்கம் நகருமாம். இரண்டு பக்கமும் நடுவில் சந்தித்து இறுகப் பிடித்துக்கொண்டால்தான் காயம் மூடுமாம்.

"நீ பிரிக்கிறப்பல்லாம் அந்தப் பிடியப் பிச்சு விடுறே" என்றார். புது பிளாஸ்திரி ஒட்டி, சனிக்கிழமை காலையில் தானே பிரிப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

மீன்குட்டிக்குச் சுருக்கென்றது. இனி தொடவே மாட்டேன் என்று முடிவு செய்தாள். ஆனால் அவள் விரல்களுக்கு அது தெரியவேண்டாமா? புதன்கிழமை கணக்கு வகுப்பில் பார்த்தால், அவை பாட்டுக்கு பிளாஸ்திரியின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தன.

உடனே மார்க்கர் பேனாவை எடுத்தாள். தலை பிளாஸ்திரியிலும் வால் தோலிலும் இருக்கும்படி ஒரு மீன் வரைந்தாள். இடைவேளையில் அணித் தோழிகள் மூவரையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு பக்கம் வரையச் சொன்னாள்.

"பிரிச்சா உங்க மீனும் ரெண்டாப் போயிடும். இனிமே எப்படிப் பிரிப்பேன்?"

அதன்பின் ஒற்றைக் காலை வாளிமேல் நீட்டிக்கொண்டு குளித்தாள். கொக்கு குளிக்கிறது என்று தம்பி ஊரையே கூட்டினான். வியாழக்கிழமை காயம் அரித்தது. கைகளின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். வெள்ளிக்கிழமை இன்னும் அரித்தது. தொடவில்லை.

சனிக்கிழமை காலை, குளக்கரையில் மூன்று தோழிகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, நர்ஸ் அக்கா பிளாஸ்திரியை மெல்லப் பிரித்தார். உள்ளே இளஞ்சிவப்பாய்ப் புதுத் தோல். அழுத்திப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரமில்லை.

பயிற்சியாளர் குனிந்து பார்த்தார். "மூடிடுச்சு. ஆனா இது என்ன, காலைச் சுத்தி நாலு வாலு?"

பதில் சொல்ல நேரமில்லை, விசில் ஊதிவிட்டார்கள். நான்கு வால்களோடும் மீன்குட்டி குளத்தில் குதித்தாள்.