பதினைந்தாவது ஸ்கேன்

ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்துக்கு அவளும் கணவனும் மாமியாரும் வந்து சேர்ந்தபோது காலை பத்து மணி. வெளியே வெயில் கொளுத்தியது. இரண்டு தாழ்வாரங்கள் திரும்பியதும் வெயில் என்ற ஒன்று இருந்த சுவடே இல்லை. கடைசி அறைதான் ஸ்கேன் அறை. அதன் வாசலில் ஒரு டியூப் லைட், எரிவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஸ்பிரிட் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை. ஈரத் துணியை நாள் கணக்கில் மூடி வைத்தது போல.

மாமியார் யாரிடமும் வழி கேட்கவில்லை. நேராக நடந்தாள்.

அறையின் சுவரில் இருந்த சிறிய ஜன்னலுக்குப் பின்னால் டைப்பிஸ்ட் பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு காதில் போன்.

"வீட்டுக்காரர் நம்பர் சொல்லுங்க. இங்க எல்லாரோட ஃபைலும் அந்த நம்பர்லதான்."

மாமியார் மகனுடைய நம்பரை ஒப்பித்தாள். டைப்பிஸ்ட் போனில் பேசியபடியே தட்டினாள், நிமிராமல் டோக்கன் கொடுத்தாள்.

"ஒரு லிட்டர் தண்ணி குடிச்சிட்டு உட்காருங்க. பாத்ரூம் போகக் கூடாது."

பெஞ்சில் ஏற்கெனவே நான்கு பெண்கள் காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவளும் குடித்துவிட்டு உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரத்தில் வயிறு கல் போல ஆகிவிட்டது.

"அக்கா, இன்னும் எத்தனை பேர்?" என்று வாசலில் நின்ற ஆயாவிடம் கேட்டாள்.

"நாலு பேர். எதுக்கும் சிரிச்சிடாதே. அவ்வளவுதான்."

மாமியார் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"இங்க பாரு. ரிப்போர்ட் நல்லா வந்தா நம்ம வீட்டுக்குப் போறோம். இல்லேன்னா உங்கப்பனுக்குப் போன் போட்டு வரச்சொல்லி அனுப்பிடுவேன். உன் பெட்டி கார்லதான் இருக்கு."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கல்யாணமாகி மூன்று வருடம். நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கலாமே என்று ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறாள். "எனக்கு என்ன குறை? மொதல்ல இருந்தாளே, அவளுக்கும் இதே கதைதான். கருப்பை சரியில்லை. தெரிஞ்சதும் ஓடிப்போயிட்டா" என்றான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவள் முறை வந்தது.

அறை இருட்டாக இருந்தது. ஸ்கேன் மெஷினின் திரை மட்டும் சாம்பல் நிறத்தில் ஒளிர்ந்தது. ஏ.சி.யிலிருந்து சொட்டுச் சொட்டாக எங்கோ தண்ணீர் விழும் சத்தம். மூலையில் அதே டைப்பிஸ்ட், இப்போது கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியிருந்தாள். டாக்டர் வயதான பெண்மணி. குரலில் அவசரம் இல்லை.

"முதல்ல வயித்து மேல பார்ப்பேன். இந்த ஜெல் ஜில்லுன்னு இருக்கும். மூத்திரப் பை நிறைஞ்சிருந்தாத்தான் அதுக்குப் பின்னால இருக்கிற கருப்பை தெரியும். அதுக்குத்தான் தண்ணி குடிக்கச் சொன்னது."

அது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பாத்ரூம் போய்விட்டு வந்ததும் மறுபடி படுக்கச் சொன்னார். முழங்காலை மடக்கி, மேலே ஒரு துணியைப் போர்த்தினார். பெருவிரல் கனத்தில் நீளமான ஒரு கருவியை எடுத்து, உறை மாட்டி, ஜெல் தடவிக் காட்டினார்.

"இது உள்ளே வச்சுப் பார்க்கிறது. இதுலதான் தெளிவாத் தெரியும். கொஞ்சம் அழுத்தம் மாதிரி இருக்கும், வலிக்காது. வலிச்சா சொல்லும்மா, உடனே நிறுத்திடறேன். மூச்சை நல்லா விடு."

அவள் மூச்சை விட்டாள். டாக்டர் சொன்னது போலத்தான் இருந்தது.

"பார், இதுதான் உன் கருப்பை. அளவு சரியா இருக்கு. உட்சுவர் எட்டு மில்லிமீட்டர். கட்டி ஒண்ணும் இல்லை. இது வலது சினைப்பை. இந்தக் கறுப்பு வட்டம் எல்லாம் முட்டை வளர்ற இடம். நல்லா இருக்கு."

நல்லா இருக்கு. அவள் கண்ணில் நீர் கோத்தது. அதைத் துடைத்துவிட்டுத் திரையின் மேல் மூலையைப் பார்த்தாள்.

"டாக்டர், அது என் பேர் இல்லை."

டாக்டரும் பார்த்தார். வேறொரு பெண்ணின் பெயர். வயது இருபத்தொன்பது. இவளுக்கு இருபத்தாறு.

"பேரை மாத்தலையாம்மா?" என்று டைப்பிஸ்டைக் கேட்டார்.

"மாத்திட்டேன் டாக்டர்."

எழுத்துகள் மறைந்தன. இவள் பெயர் வந்தது. ஒரு நொடி நின்றது.

மறுபடி அந்தப் பெயர்.

"இது பதினஞ்சாவது ஸ்கேன்னு காட்டுது டாக்டர்" என்றாள் டைப்பிஸ்ட்.

"எனக்கு இதுதான் முதல் தடவை" என்றாள் அவள்.

"நம்பர் போட்டதும் பழைய ஃபைல் திறந்திருக்கு, நான் கவனிக்கலை. நம்பரும் அதேதான், வீட்டுக்காரர் பேரும் அதேதான். ஆனா இது..." டைப்பிஸ்டின் குரல் தேய்ந்தது. "இது வேற ஒருத்தங்க."

அவளுக்குப் புரிந்துவிட்டது. மொதல்ல இருந்தவள்.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

டைப்பிஸ்ட் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் திரையைப் பார்த்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"முதல் ஸ்கேன், கருப்பை நார்மல், சினைப்பை நார்மல். கணவருக்கு விந்துப் பரிசோதனை அவசியம். ரெண்டாவது... அதேதான். மூணாவதும் அதேதான்."

"அவர் டெஸ்ட் எடுத்தாரா?"

"அந்தக் கட்டம் காலியா இருக்கு."

"எல்லாத்துலயுமா?"

"பதினாலுலயும்."

"அப்புறம்?"

"அப்புறம் ஸ்கேன் இல்லை. மறுநாள் தேதியில எமர்ஜென்சி சீட்டு ஒண்ணு. தண்ணியில விழுந்தவங்க, கொண்டுவரும்போதே உயிர் இல்லைன்னு."

ஏ.சி.யின் சொட்டுச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

டாக்டர் கருவியை மெதுவாக வெளியே எடுத்தார். உறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, கருவியை அதன் தாங்கியில் மாட்டினார். எடுத்ததும் திரை வெறுமையாக வேண்டும்.

ஆகவில்லை.

திரையில் ஒரு கருப்பை தெரிந்தது. மெதுவாக மேலே எழுந்து, மெதுவாகத் தாழ்ந்தது. படுத்திருப்பவள் மூச்சு விட்டால் அசைவது போல.

டாக்டர் கருவியின் வயரையே பிடுங்கினார்.

திரையில் அது மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தது.

படுக்கையில் விரித்திருந்த காகிதம் அவளுடைய இடது பக்கத்தில் சரசரத்தது. மெத்தை லேசாக அமுங்கியது. ஒருத்தி ஒதுங்கிப் படுத்து இவளுக்கும் இடம் கொடுப்பது போல. தோளிலிருந்து முழங்கை வரை ஒரு குளிர்ச்சி ஒட்டியது.

அந்த ஈர வாசனை இப்போது காதோரத்தில் இருந்தது.

"டாக்டர்... எனக்கு நல்லா இருக்கா?"

கேட்டது அவள் இல்லை. டைப்பிஸ்டும் இல்லை.

எத்தனையோ ஆயிரம் முறை சொன்ன பழக்கத்தில் டாக்டரிடமிருந்து பதில் தானாக வந்தது.

"நல்லா இருக்கும்மா."

"அவர்கிட்ட சொல்லுங்க."

திரை அணைந்தது. மெத்தை மேலெழும்பியது.

அவள் எழுந்து உட்கார்ந்து, ஜெல்லைத் துடைத்து, சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"பதினஞ்சையும் பிரிண்ட் எடுத்துக் கொடுங்க."

இன்னொருவருடைய ரிப்போர்ட்டைக் கொடுக்கக் கூடாது. டாக்டருக்கும் அது தெரியும். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

தாழ்வாரத்தில் மாமியார் எழுந்து நின்றாள். "என்ன போட்டிருக்கு?"

"படிக்கிறேன் அத்தை. கேளுங்க." அவள் காகிதங்களைப் பிரித்தாள். பெஞ்சில் இருந்த பெண்கள் திரும்பினார்கள். "முதல் ஸ்கேன், கருப்பை நார்மல். கணவருக்குப் பரிசோதனை அவசியம். ரெண்டாவது ஸ்கேன், கருப்பை நார்மல். கணவருக்குப் பரிசோதனை அவசியம்..."

ஐந்தாவதில் கணவன் போனைக் கீழே இறக்கினான். எட்டாவதில் அவன் முகம் வெளுத்தது.

"செத்தவளை எதுக்குடி இழுக்கறே?" என்று சீறினாள் மாமியார்.

"ஓடிப்போயிட்டாள்னுதானே அத்தை உங்க பிள்ளை சொன்னார்?"

மாமியார் காகிதங்களைப் பிடுங்கக் கை நீட்டினாள். அவள் விலகி நின்று தொடர்ந்தாள்.

பதினைந்தையும் படித்து முடித்தாள். அவளுடைய ரிப்போர்ட்டின் கடைசி வரியும் அதேதான். ஆயா ஒரு சிறிய பிளாஸ்டிக் கப்பைக் கொண்டுவந்து கணவன் முன்னால் நீட்டினாள்.

"எதிர் ரூம்தான் சார். ஊசி எல்லாம் கிடையாது, பயப்படாதீங்க."

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மானம் போனதில் அவனுக்கு ரோஷம் வந்தது. கப்பைப் பிடுங்கினான். போனை அம்மாவிடம் எறியாத குறையாகக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

"போன்ல பேசறார் போல" என்றாள் ஆயா.

போன் மாமியாரின் கையில் இருந்தது.

அவன் குரல்தான். தாழ்ந்து, இழைந்து, கெஞ்சும் குரல். "வந்துட்டேனே... அப்பவே வந்திருக்கணும்... அழாதே..." மூன்று வருடத்தில் அந்தக் குரலில் அவன் இவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கதவு திறந்தது. அவன் தலைமுடி தொப்பலாக நனைந்திருந்தது. கப்பை மேசையில் வைத்தான். யாரையும் பார்க்கவில்லை.

டைப்பிஸ்ட் உள்ளே போய், அங்கே வைத்திருந்த படிவத்தை எடுத்து வந்தாள்.

"மனைவி கையெழுத்து போட்டிருக்கே. நீங்க எப்ப உள்ளே போனீங்க?"

"நான் போகலை."

மை இன்னும் காயவில்லை. பதினான்கு பழைய ரிப்போர்ட்டுகளின் அடியிலும், வாங்கியதற்கு அடையாளமாக இருந்த அதே கையெழுத்து.

"அடிச்சிட்டு நீங்க போடுங்க" என்றாள் டைப்பிஸ்ட், பேனாவை நீட்டி.

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

கார் நின்ற இடத்தில் அவள் தன் பெட்டியைத் தானே இறக்கினாள். நீ போகணும்னு யார் சொன்னா, எல்லாம் பேசித் தீர்த்துக்கலாம் என்று மாமியார் முதல் முறையாகக் குழைந்தாள். அவள் அப்பாவுக்குப் போன் செய்தாள். "ஒண்ணும் இல்லப்பா. நல்லாத்தான் இருக்கேன். வந்து கூட்டிட்டுப் போங்க."

மாமியார் முணுமுணுத்தபடி முன்னால் ஏறிக்கொண்டாள். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தான்.

"எடுடா. இன்னும் யாருக்குக் காத்திருக்கே?"

நடுப்பகல் வெயிலில், காற்றே இல்லாத அந்த முற்றத்தில், காரின் பின் கதவு மெல்லத் திறந்தது. பின் சீட் அமுங்கியது. கதவு சாத்திக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் அவன் வண்டியை எடுத்தான்.