இந்தச் சுற்றில் யாரும் வாங்க வேண்டாம்

"யாரைக் கேட்டு அந்தத் துப்பாக்கிய வாங்கின?"

"யாரைக் கேக்கணும்? என் காசு."

"உன் காசா? எல்லாரும் சேத்து வைங்கன்னு சொன்னேன்ல? நாங்க நாலு பேரும் வாயக் கட்டி உக்காந்திருக்கோம். நீ மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி பெரிய ஸ்னைப்பரத் தூக்கிட்டுப் போற... போன வேகத்துல செத்தும் போற!"

"ரெண்டு பேரைச் சுட்டுட்டுத்தான் செத்தேன்."

"ஆஹா! பஸ் ஸ்டாண்டுல சிலை வைக்கச் சொல்றேன்."

பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது. திட்டிக்கொண்டிருந்த அணித் தலைவி உனைசி ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டாள். நல்லவேளை, இடைவேளை மணி அடித்தது.

ஃபிஜியின் தலைநகரான சுவாவின் மழை அந்த கேம் கடையின் தகரக் கூரையில் ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது. இந்த மழையால்தான் எல்லாம். நவுசோரி பாலத்தருகே தண்ணீர் ஏறி, அவளுடைய ஐந்தாவது ஆட்டக்காரன் அங்கேயே மாட்டிக்கொண்டான். ஐந்து பேர் இல்லையென்றால் இறுதிப் போட்டி கிடையாது... ஜெயிக்கிற அணிக்குக் கிடைக்கும் ஆக்லாந்து பயணமும் கிடையாது. இரண்டு வருடமாக அவள் கண்ட கனவு அது. காலையில் கையைப் பிசைந்துகொண்டு அவள் வாசலைப் பார்த்தபோதுதான், மழைக்கு ஒதுங்க அவன் உள்ளே ஓடி வந்தான். ரோனீல். இமைகளில்கூடத் துளிகள்...

"ஆடத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்" என்றான்.

கொஞ்சமா? கை மின்னலாய்ப் பறந்தது. ஆனால் அணி என்ற ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் பணம் வரும். ஜெயித்தவர்களுக்கு நிறைய, தோற்றவர்களுக்குக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஆளுக்கொன்றாய் அரைகுறையாக வாங்கினால் எல்லோரும் சாக வேண்டியதுதான். ஒரு சுற்று ஐந்து பேரும் பொறுத்தால், அடுத்த சுற்றில் ஐந்து பேர் கையிலும் நல்ல துப்பாக்கி. யார் எப்போது வாங்குவது, எப்போது பொறுப்பது என்று சொல்வதுதான் உனைசியின் வேலை. அதில் அவளை மிஞ்ச சுவாவில் ஆள் இல்லை.

இடைவேளையில் ரோனீல் வெளியே தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தான். கிளம்பிவிடுவானோ? 'போனால் போகட்டும்' என்றது ரோஷம். ஆனாலும் அவள் கால்கள் ரொட்டிப் பொட்டலத்தோடு அவனிடமே போயின.

"சாப்பிடு. உருளைக்கிழங்கு மசால்."

"காசு எவ்ளோ?"

"பாரு... ரொட்டியிலயும் தனிக் கணக்கு!"

அவன் சிரித்துவிட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"எங்க ஊரு லம்பாசால, வீட்ல தனியா உக்காந்துதான் ஆடுவேன். கூட ஆடுறவன் சிட்னியிலயோ எங்கயோ இருப்பான். முகம் தெரியாது. என்கிட்ட காசு இல்லாதப்ப ஒருத்தன்கூட ஒரு துப்பாக்கி வாங்கிக் குடுத்ததில்ல. அதான்... கையில இருக்கிறப்பவே வாங்கிடுவேன்."

உனைசிக்கு உறைத்தது. எல்லார் முன்னாலும் கத்தியிருக்க வேண்டாமே...

"இங்க வாங்கிக் குடுப்போம்" என்றாள்.

"யாரு... நீயா?"

"சொன்ன பேச்சக் கேட்டா."

இடைவேளை முடிந்ததும் அவள் தனக்கு எதுவும் வாங்கவில்லை. ஸ்னைப்பரை வாங்கி, திரையில் அவன் காலடியில் போட்டாள். அவன் திரும்பி அவளையே பார்த்தான். "என்னப் பாக்காத, திரையப் பாரு!" என்றாள். கன்னம் சுட்டது.

அதன் பிறகு ஆட்டம் மாறியது. அவன் கேட்டுக் கேட்டு வாங்கினான். விட்ட சுற்றுகளை ஒவ்வொன்றாய் மீட்டார்கள். எதிரணி ஜெயிக்க இன்னும் இரண்டு சுற்று, இவர்கள் ஜெயிக்க மூன்று என்ற இடத்தில்தான் சறுக்கியது. இவர்களில் நான்கு பேர் செத்தார்கள். மிச்சம் ரோனீல் மட்டும், அந்த ஸ்னைப்பரோடு.

"சுடுடா!" என்றது கூட்டம்.

"சுடாத" என்றாள் உனைசி. "அவங்க நாலு பேர். இந்தச் சுற்று போகட்டும். ஒளிஞ்சுக்கோ... செத்தா துப்பாக்கியும் போயிடும், அதக் காப்பாத்து."

"அக்கா, உனக்குப் பைத்தியமா? இதுக்கப்புறம் இன்னொண்ணு தோத்தா வீட்டுக்குத்தான்!" என்று அலறினான் அவள் சித்தப்பா மகன் கிட்டியோன்.

அந்த ஆட்டத்தில் செத்தவர்கள் உயிரோடிருப்பவனின் கண் வழியாகத்தான் பார்க்க முடியும். உனைசி இப்போது ரோனீலின் கண்ணுக்குள் இருந்தாள். இருட்டு மூலை. எதிரே ஒருவன் முதுகைக் காட்டியபடி நடந்துபோனான். குறி அந்த முதுகில் போய் நின்றது. நடுங்கியது...

'வேண்டாம்... ப்ளீஸ்...'

குறி மெல்ல விலகியது. சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டது.

"பயந்தாங்கொள்ளி!" கூட்டம் மேசையைத் தட்டிக் கூவியது. அவன் காது மடல்கள் சிவந்தன. விரல் மட்டும் அசையவேயில்லை. உனைசிக்குக் கண் கலங்கியது. அவளை நம்பி இதுவரை யாரும் இப்படி அவமானப்பட்டதில்லை.

அடுத்த சுற்று. ஸ்னைப்பர் மிஞ்சியதால் அவன் பணம் அப்படியே இருந்தது. கிட்டியோனுக்கு ஒரு துப்பாக்கி வாங்கிப் போட்டான்.

"கேப்டன், உனக்கு என்ன வேணும்?" என்றான் தயக்கமாக.

ஐந்து பேர், ஐந்து நல்ல துப்பாக்கிகள். அந்தச் சுற்றை ஜெயித்தார்கள். அடுத்ததையும். கடைசிச் சுற்றில் உனைசியின் குண்டு பாய்ந்ததும், கூவிய அதே கூட்டம் நாற்காலியோடு ரோனீலைத் தூக்கிச் சுற்றியது. கிட்டியோன் வாய்விட்டு அழுதான்.

ஆரவாரம் அடங்குவதற்குள் அவள் தாழ்வாரத்துக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. பின்னாலேயே அவன்.

"ஆக்லாந்துக்கு உங்க பழைய ஆளே போகட்டும்" என்றான். "அணியில நான் இடம் கேக்கல."

"பின்ன?"

"உன் பக்கத்துல... கேக்குறேன். காலை வரைக்கும் உன் பேர்கூடத் தெரியாது. சிரிச்சுடாத, உனைசி. எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. திட்டினப்பவே பிடிச்சுது."

அவள் சிரிக்கவில்லை. மழையைப் பார்த்தாள். இமையில் ஏதோ துளி... மழைதான் என்று சொல்லிக்கொண்டாள். எதையும் யோசிக்காமல் செய்யாத உனைசி, இதை மட்டும் யோசிக்கவேயில்லை.

"எனக்கும்தான்" என்றாள், மழைக்கே கேட்காத குரலில். பிறகு ஒரு மூச்சில்...

"நாளைக்கு சர்ச் முடிஞ்சதும் எங்க வீட்ல லோவோ விருந்து. கோழி, டாலோ கிழங்கு எல்லாம் மண்ணுக்குள்ள வேகும். மாமா, சித்தப்பா மொத்தக் கூட்டமும் இருக்கும். அப்பா உன்னை ஆயிரம் கேள்வி கேப்பாரு... வர்றியா?"