ஒன்பது துளைச் சந்தனம்

காலை 9.40க்கு அது செத்துப்போனது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1988 விஜயதசமி. ஈப்போ, புந்தோங். ரப்பர்த் தோட்டத்தை மூடியபோது வெளியே வந்த முப்பது குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் மன்றத்தின் கூடம். பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்த அவர்கள் வாங்கிய முதல் கம்ப்யூட்டர் மேசைமேல் இருந்தது. கடையில் முழுதாக வாங்கக் கட்டுப்படியாகாமல், உறுப்புகளைத் தனித்தனியாக வாங்கிச் சேர்த்திருந்தார்கள். அவற்றைத் தேர்ந்தெடுத்தவன் அர்ச்சுனன். கோலாலம்பூரில் ஆறு மாதம் படித்துச் சான்றிதழோடு வந்தவன். அந்தச் சான்றிதழும் சட்டம் போட்டு, சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் தொங்கியது.

நேற்று மாலை உறுப்புகள் வாழையிலையில் வரிசையாகப் பூஜைக்கு வைக்கப்பட்டிருந்தன. இன்று காலை எல்லார் முன்னிலையிலும் அர்ச்சுனன் அவற்றைப் பூட்டிச் சேர்த்தான். மானிட்டர் கம்பியை, திரைக்குப் படம் அனுப்பும் கார்டில் செருகினான். பொத்தானை அழுத்தினான். உள்ளே காற்றாடி சுழன்றது. திரை விழிக்கவில்லை. ஊதுவத்தி வாசனையும் சுண்டல் வாசனையும் மட்டும் கூடத்தைச் சுற்றி வந்தன.

அர்ச்சுனன் திருப்புளியால் மானிட்டரின் பின்மூடியைக் கழற்றினான். உள்ளே விரல் நீளத்துக்குக் கருகியிருந்தது.

"போச்சு," என்றான். "கார்டோட வாயில சந்தனத்த அப்பியிருக்காங்க. ஷார்ட் ஆயி மானிட்டரு எரிஞ்சிருச்சு."

நாற்பது தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. அங்கே காளியம்மா சுண்டல் கரண்டியோடு நின்றிருந்தாள். கூடத்தைக் கூட்டிப் பெருக்குபவள். பின்னறையில் குடியிருப்பவள். நேற்று ஒவ்வோர் உறுப்புக்கும் சந்தனப் பொட்டு வைத்தவள்.

மன்றத் தலைவர் சின்னையா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். இப்போதும் கூட்டம் என்றால் விடியற்காலைப் பெரட்டில் ஆள்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் குரலில்தான் பேசுவார். லூமுட்டில் மகள் வீட்டில் இரவு தங்கி, காலை பஸ்ஸில்தான் வந்திருந்தார்.

"அஞ்சு மணிக்குக் கமிட்டி. அந்த ரூம காலி பண்றதப் பத்தியும் பேசிருவோம்."

காளியம்மாவுக்கு அந்த அறையை விட்டால் வேறு கூரை இல்லை.

"அஞ்சு மணி வரைக்கும் யாரும் அத தொடாதீங்க," என்றாள் நவமணி.

நவமணிக்கு வயது முப்பத்து நான்கு. கம்ப்யூட்டர் சிப்பு செய்யும் தொழிற்சாலையில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பழுதான சில்லுகளைக் கழிப்பவள்.

"நீ என்னா போலீசா?" என்றார் சின்னையா.

"எட்டு மணி நேரம் குறை கண்டுபுடிக்கறதுக்குத்தான் ஐயா எனக்குச் சம்பளம். பொண்ணு பாக்க வந்த நாலு பேரையும் அப்படித்தான் உத்துப் பாத்தேன். அவங்க என்னைய கழிச்சுட்டாங்க. இங்கயாச்சும் பயன்படட்டும் லா."

10.15. பின்னறை. ஒரு பாய், ஒரு தகரப் பெட்டி, ஒரு அடுப்பு.

"பொட்டு எத்தன மணிக்கு வச்சீங்க அக்கா?"

"ஏழு இருக்கும்."

"கார்டுல எங்க வச்சீங்க?"

"அந்தத் தகரத்துல ஓட்டையா இருந்துச்சே, அதுலதான். அதுதான் மூஞ்சி மாதிரி இருந்துச்சு தாயி. மத்ததுக்கெல்லாம் நெத்தி எதுன்னே தெரியல."

"அப்புறம் உள்ள போனீங்களா?"

"எட்டரைக்கு வெளக்குக்கு எண்ண ஊத்தப் போனேன். கருகின வாட. திரிதான். நான் சரியா தூண்டல." தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாம் என் கையி."

"அப்ப யாராச்சும் இருந்தாங்களா?"

காளியம்மா அடுப்பைப் பார்த்தாள். அதில் ஒன்றும் வேகவில்லை.

"இல்ல," என்றாள்.

11.05. வாசல் வேப்பமரத்தடி. அர்ச்சுனன் சிகரெட் பற்றவைத்தான். மூன்று குச்சிகள் செலவாயின.

"சாவி யார் யார்கிட்ட?"

"ஐயா, நானு, காளியம்மா பெரியம்மா."

"சாமான் எங்க வாங்குன?"

"கார்டு பினாங்குல. கலர் வரும்க்கா அதுல. மானிட்டரு இங்க டவுன்ல, ஒரு ஆபீஸ்ல இருந்து வந்த பழசு. பச்ச எழுத்து மட்டும்தான் வரும். பின்னால கலர் மானிட்டரு வாங்கிக்கலாம்னு."

"ரெண்டும் சேருமா?"

"முனை ஒண்ணுதான். ஒம்போது பின்னு. சும்மா வழுக்கிக்கிட்டு போயி உக்காருது லா."

"நேத்து ராத்திரி தொட்டியா?"

"பூஜையில வச்ச சாமான யாரு தொடுவா? சாமி குத்தம்."

அவன் சொன்னது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சரஸ்வதி பூஜையன்று இலையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் எடுப்பதில்லை. பரீட்சை இருந்தாலும் புத்தகத்தைத் திறப்பதில்லை. பிள்ளைகளுக்கு இந்த ஒரு வழக்கத்தில் மட்டும் அசைக்க முடியாத பக்தி.

11.30. நவமணி பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். விசைப்பலகையின் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. கம்ப்யூட்டருக்குள் இருந்த பெரிய பலகையிலும் அப்படியே. பிறகு மானிட்டர் கம்பியின் முனையைக் கார்டிலிருந்து உருவினாள். கார்டின் வாயைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். மேசைமேல் விரலைத் தேய்த்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

12.20. காப்பிக்கடைத் தொலைபேசியில் மானிட்டர் விற்ற தவுக்கேயை, அந்தச் சீனக் கடைக்காரரைப் பிடித்தாள். மலாயில் பேசினார்கள். பச்சைத் திரைக்குக் கலர் கார்டைச் செருகினால் என்ன ஆகும் என்று கேட்டாள். மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"மூக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். வயிறு வேற. ஒரு நிமிஷம் தாங்கும், அப்புறம் புகையும். நல்லா நாறும். அந்தப் பையன்கிட்ட கார்டு என்னான்னு கேட்டேன். எனக்குத் தெரியும், சான்றிதழ் இருக்குன்னான்."

5.00. கமிட்டி. வெளிக் கதவை அடைத்திருந்தார்கள். சின்னையா, அர்ச்சுனன், நவமணி. காளியம்மா நாற்காலி இருந்தும் சுவரோரம் நின்றாள்.

"மொதல்ல ஒரு கேள்வி," என்றாள் நவமணி. "காலையில இங்க நாப்பது பேரு. உள்ள விரல் நீளத்துக்குக் கருகியிருக்கு. ஐயா, உங்களுக்குப் புகை வாட வந்துச்சா?"

சின்னையா யோசித்தார். "சுண்டல் வாடதான் வந்துச்சு."

"எனக்கும் அதான். கருகின வாடய மோந்தது ஒரே ஆளு, காளியம்மாக்கா. அதுவும் நேத்து எட்டரைக்கு. மானிட்டரு இன்னிக்குச் சாவல. நேத்தே செத்துருச்சு. காலையில நம்ம பாத்தது பொணத்துக்கு நடந்த பூஜ."

அர்ச்சுனன் சிரிக்கப் பார்த்தான். "அக்காவுக்குக் கற்பனை ஜாஸ்தி."

"இருக்கலாம். இதப் பாரு." கார்டை மேசைமேல் வைத்தாள். "மத்த பொட்டெல்லாம் தொட்டா உதிருது. காஞ்ச சந்தனத்துல முனையச் செருகுனா என்னா ஆவும்? பொடியாயிரும். மேசையெல்லாம் கொட்டும். இங்க ஒரு பொடி இல்ல. சந்தனம் ஓரத்துல வளையமா பிதுங்கியிருக்கு. நடுவுல ஒம்போது துள. இடியாப்ப அச்சு மாதிரி, ஒண்ணுகூட ஒடையல. சந்தனம் ஈரமா இருந்தப்ப இதுல முனை போயிருக்கு. ஏழு மணிக்கு வச்ச பொட்டு. ஏழுக்கும் எட்டரைக்கும் நடுவுல யாரோ செருகிப் பாத்திருக்காங்க. அப்புறம் உருவி, இலையில பழையபடி வச்சிருக்காங்க. ராத்திரியில துளையோடயே காஞ்சிருச்சு. காலையில அதே துளையில முனை வழுக்கிக்கிட்டு போயிருச்சு."

நவமணி கார்டைச் சின்னையா பக்கம் நகர்த்தினாள்.

"சாவி மூணு. ஐயா லூமுட்ல. நெத்தி எது, மூஞ்சி எதுன்னு தெரியாத அக்கா ஆறு சாமானையும் பூட்டி ஓட விட்டிருக்க மாட்டாங்க. மிச்சம் ஒரு ஆளு. சந்தனம் மானிட்டர எரிக்கல அர்ச்சுனா. பச்சத் திரைக்குக் கலர் கார்டு சேராது. தவுக்கே உன்கிட்ட கேட்டிருக்காரு."

அர்ச்சுனன் சட்டம் போட்ட சான்றிதழைப் பார்த்தான்.

"டைப் அடிக்கத்தான்க்கா சொல்லிக் குடுத்தாங்க," என்றான். "ஆறு மாசம் டைப் அடிச்சேன். உள்ளுக்கு என்னா இருக்குன்னு நேத்துதான் மொதல் தடவ பாத்தேன். எல்லாரு முன்னாலயும் ஓடாமப் போச்சுன்னா மானம் போயிரும்னுதான், ஒரு தடவ..."

"உன் மானத்துக்கு அவங்க ரூமா?"



நவமணி காளியம்மாவிடம் திரும்பினாள். "அக்கா, எட்டரைக்கு வாசல்ல செருப்பு கெடந்துச்சா?"

"கெடந்துச்சு."

"யாருதுன்னு தெரியுமா?"

"தெரியும். வாரு அந்து போயி நான்தான் ஊக்கு மாட்டிக் குடுத்தேன்."

"பின்ன ஏன் காலையில வாயத் தொறக்கல?"

"அவன் போயிட்டா புள்ளைங்களுக்கு யாரு சொல்லிக் குடுப்பா?" என்றாள் காளியம்மா. "கூட்டறதுக்கு யாரு வேணா வருவாங்க."

சின்னையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நவமணிக்குள் ஒரு சின்ன நம்பிக்கை எழுந்தது. இப்போது இந்த மனிதர் நியாயமாக ஒன்று சொல்வார்.

"அவ சொல்றதும் சரிதான்," என்றார் சின்னையா. "இவன் பேர எழுதுனா நாளைக்கு எவனும் புள்ளைய அனுப்ப மாட்டான். ரூம்ல அவளே இருக்கட்டும். அதுல பிரச்சன இல்ல. நோட்டுல மட்டும் சந்தனம்னு எழுதிக்குவோம். சந்தனத்துக்கு என்னா, கோவமா வரப்போவுது?"

"அவங்களுக்கு வருமே ஐயா."

"எனக்கு ரூம் போதும் தாயி," என்றாள் காளியம்மா. "எழுதிக்கட்டும்."

எழுதிக்கொண்டார்கள். அர்ச்சுனன்தான் எழுதினான். கையெழுத்து அழகாக இருந்தது.

எட்டாம் நாள், காலை 7.30. ஷிப்டு முடிந்து வந்த நவமணி கூடத்தில் எட்டிப் பார்த்தாள். மேசைமேல் வேறு பச்சை மானிட்டர், அதற்குச் சேரும் கார்டு. இந்த முறை தவுக்கேயே எழுதிக் கொடுத்த பட்டியல். சரஸ்வதிக்கும் சான்றிதழுக்கும் நடுவே புதிதாக ஒரு அட்டை ஒட்டியிருந்தது. சிவப்பு மையில், அதே அழகான கையெழுத்து: "இயந்திரங்கள்மேல் சந்தனம் பூசக் கூடாது. மீறுவோர் வெளியேற்றப்படுவர்."

காளியம்மா அதன்மேல் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

"தெனம் தொடைக்கிறேன். என்னா எழுதியிருக்குன்னு தெரியல. படி தாயி."

குறையைக் கண்டால் மறைக்கக் கூடாது என்பது நவமணியின் தொழிலில் முதல் விதி. பத்து வருஷமாக ஒரு தடவைகூட மீறியதில்லை.

"இந்த மன்றத்துக்கு ஒழச்சவங்களுக்கு நன்றின்னு போட்டிருக்கு அக்கா."

"என் பேரும் இருக்கா?"

"பேரு போடல. ஆனா உங்களப் பத்தித்தான்."

காளியம்மாவின் முகம் மலர்ந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். சாமி படத்தின் கீழிருந்த சந்தனக் கிண்ணத்தில் மோதிர விரலைத் தொட்டு, அட்டையின் நடுநெற்றியில் ஈரமாக ஒரு பொட்டு வைத்தாள்.