குண்டு எலிக்கு என்ன ஆச்சு?

வகுப்பில் எல்லாரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று அந்த வாயாடிக்கே வாய் உலர்ந்துவிட்டது. பின்னே? கரும்பலகைக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தது அவளுடைய அம்மா!

அறிவியல் டீச்சர்தான் அவரைப் பேச அழைத்திருந்தார். அம்மாவுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. கொழுப்பு செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதத்தைப் பற்றி ஆராய்கிறார்.

"கொழுப்பு அமிலம் தண்ணியில சுலபமா கரையாது. அதனால செல்லுக்குள்ள அதைத் தூக்கிட்டுப் போக ஒரு புரதம் இருக்கு, மூட்டை தூக்குற ஆள் மாதிரி," என்றார் அம்மா. "இந்தக் கொழுப்பு செல்லைப் பார்க்க மைக்ரோஸ்கோப் வேணும்."

"எதுக்கு மேடம்? கடைசி பெஞ்சைப் பார்த்தாலே போதுமே!" என்றான் வகுப்புத் தலைவன்.

குபீரென்று சிரிப்பு எழுந்தது. கடைசி பெஞ்சுப் பையன் கொஞ்சம் பருமன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நோட்டின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தான்.

வாயாடிக்குச் சுருக்கென்றது. வகுப்புத் தலைவனை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாமா? கேட்டால் எல்லாரும் மறுபடியும் அந்தப் பையனைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். கொஞ்சம் யோசித்தாள். கையைத் தூக்கினாள்.

"அம்மா... சேச்சே, மேடம்! எங்க அப்பா ஒட்டடைக்குச்சி மாதிரி ஒல்லியா இருக்காரு. அவரு ஏன் தினமும் சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுறாரு?"

அம்மாவின் புருவம் உயர்ந்தது. இவளுக்குத்தான் காரணம் தெரியுமே! மகளைப் பார்த்தார். கடைசி பெஞ்சைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

"ஆளைப் பார்த்து நோயைச் சொல்லிட முடியாது," என்றார்.

"அந்த எலிக் கதையைச் சொல்லும்மா!"

"சொல்றேன். மூட்டை தூக்குற அந்தப் புரதமே இல்லாத எலிகளை ஆராய்ச்சிக்காக வளர்த்தாங்க. கொழுப்பு நிறைய இருக்குற சாப்பாடா போட்டாங்க. எலிங்க நல்லா குண்டாச்சு. இனி சர்க்கரை நோய் வரும்னு காத்திருந்தாங்க."

"வந்துச்சா?" வகுப்பே கேட்டது.

"வரல! புரதம் இருந்த குண்டு எலிகளுக்குத்தான் உடம்பு கெட்டுச்சு. இதுங்க ஜம்முனு ஓடிட்டு இருந்துச்சு. அப்போதான் அந்தப் புரதத்து மேல எல்லாருக்கும் சந்தேகம் வந்துச்சு."

கடைசி பெஞ்சில் ஒரு கை மெதுவாக உயர்ந்தது.

"மேடம், அந்தப் புரதம் இல்லன்னா கொழுப்பு அமிலத்தை யார் தூக்குவாங்க?"

அம்மா சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, இதே கேள்விதான் ஆராய்ச்சியாளர்களையும் போட்டுக் குடைஞ்சுது! அதே ஜாடையில இன்னொரு புரதம் இருக்கு. இது இல்லன்னதும் அது கூடுதலா வந்து தோள் குடுக்குது. உனக்கு எப்படிப்பா இது தோணுச்சு?"

"சும்மா... தோணுச்சு மேடம்." அவன் காது மடல் சிவந்துபோயிற்று.

அறிவியல் டீச்சர் முதலில் கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். "எனக்குத் தோணலையேடா!" என்று வகுப்புத் தலைவன் தலையைச் சொறிந்தான்.

மணி அடித்ததும் அம்மாவைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. முதல் ஆளாக நின்றவன் அந்தப் பையன்தான். அவனிடம் இன்னும் மூன்று கேள்விகள் பாக்கி இருந்தன.

பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். "யாரு இவங்க?"

"எங்க அம்மா!" என்றாள் வாயாடி, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "அதோ, கேள்வி கேட்குறானே, அவன் எங்க வகுப்பு!"