பதினாறு பாகத்தில் திவ்ய தாரகை

அந்தப் புதுக் கேமராவைப் பார்த்த கணமே பிரிசில்லாவுக்குப் பிடிக்காமல் போயிற்று.

எட்வின் சென்னையிலிருந்து அன்று காலைதான் வந்திருந்தான். படகின் தளத்தில் துண்டை விரித்தான். தண்ணீர் புகாத உறைக்குள் பூட்டியிருந்த கேமராவைத் தூக்கி அதன்மேல் வைத்தான். கறுப்பு உலோகம், முன்னால் உருண்டைக் கண்ணாடி, எந்தப் பக்கம் திருப்பினாலும் பச்சைப் பயறு அளவில் பொத்தான்கள்.

“பழசு எங்கல?” என்றாள் பிரிசில்லா.

“அதைக் குடுத்துட்டுத்தான் அக்கா இதை வாங்கினேன்.”

“யாரைக் கேட்டுக் குடுத்த?”

எட்வின் கண்ணாடியைத் துடைத்தான். தூத்துக்குடியில் கடலுக்கடியில் படமெடுக்கும் தொழிலை இருவரும் கூட்டாகத்தான் நடத்தினார்கள். கப்பலின் அடிப்பாகம், துறைமுகத் தூண், பவளப்பாறை என்று எதைப் படமெடுக்க வேண்டுமானாலும் ஆட்கள் இவர்களைத்தான் தேடி வந்தார்கள். கேமரா பிடிப்பது பிரிசில்லா. கூடவே நீந்தி விளக்குப் பிடிப்பது எட்வின். பழைய கேமராவின் ஒவ்வொரு பொத்தானையும் கண்ணை மூடிக்கொண்டு தொடுவாள் அவள். இப்போது அது யாரோ ஒருவருடைய கடைக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

“நாளைக்கு எங்க இறங்கப் போறோம்னு தெரியும்லா?”

“தெரிஞ்சுதான் வாங்கினேன். அந்தக் கலங்கல் தண்ணியில பழசு குருடு.”

“குருடு நீதான்.”

படகின் பின்பக்கம் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்த கஸ்பார் நிமிர்ந்தார். படகு அவருடையது. நாளைய பயணமும் அவருக்காகத்தான்.

அவருடைய அண்ணன் சில்வெஸ்டர், திவ்ய தாரகை என்ற சரக்குத் தோணிக்குத் தண்டல், அதாவது அதன் தலைவர். ஒன்பது வருஷங்களுக்கு முன்னால் மாலத்தீவில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும்போது தோணியும் அதில் இருந்த ஏழு பேரும் காணாமல் போனார்கள். தேடினார்கள், கிடைக்கவில்லை. அப்புறம் ஊர் பேசத் தொடங்கியது. தண்டல் தோணியை எங்கோ அந்நிய நாட்டில் விற்றுவிட்டார், கூட்டாளிகளோடு அங்கேயே குடும்பம் நடத்துகிறார் என்று ஒரு கதை. அந்தக் கதையோடுதான் சில்வெஸ்டரின் மனைவி ரெஜினா தெருவில் நடந்தாள். அந்தக் கதையோடுதான் அவள் மகளுக்கு வந்த வரன்கள் திரும்பிப் போயின.

போன வாரம் கரைக்கு வெகு தூரத்தில் ஒரு விசைப்படகின் வலை அடியில் எதிலோ மாட்டி அறுந்தது. மீதி வலையை இழுத்தபோது அதோடு தோணிப் பலகை ஒன்று மேலே வந்தது. கஸ்பார் அந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேராக பிரிசில்லாவிடம்தான் வந்தார்.

“பலகையைக் காட்டினா எந்தத் தோணியோட பலகையோம்பான். பேரு தெரியுத மாதிரி ஒரு படம் வேணும் பிள்ள. கச்சான் காத்து எழும்பிட்டா அப்புறம் நாலு மாசத்துக்கு அங்க நங்கூரம் போட முடியாது.”

அன்று மதியம் துறைமுகத்துக்கு வெளியே ஆழமில்லாத இடத்தில் கேமராவைச் சோதித்துப் பார்த்தார்கள். பிரிசில்லா மேலே வந்ததும் வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டுப் பேசத் தொடங்கினாள்.

“கல்லு மாதிரி கீழ இழுக்கு. கையுறை போட்டா ஒரு பொத்தானை அமுக்கினா மூணு அமுங்குது. மீன் முன்னாடி நிக்கி, இது மீனை விட்டுட்டுப் பின்னாடி இருக்குத பாசியைத் தேடிக்கிட்டு இருக்கு. தண்ணி புகுந்தா எரியுத சிவப்பு விளக்கு வேற சும்மா சும்மா எரியுது.”

உறையைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒரு துளி ஈரம் இல்லை.

“பொய் சொல்லுத சாமான்,” என்றாள் பிரிசில்லா.

கடலடிப் படக்காரர்களின் வாட்ஸப் குழுவில் எட்வின் ஏற்கெனவே கேமராவின் படத்தைப் போட்டிருந்தான். அங்கேயும் நல்ல வார்த்தை ஒன்றும் விழவில்லை. இதைச் செய்தவன் நீச்சல் குளத்தில்கூட இறங்கியிருக்க மாட்டான் என்று ராமேசுவரத்துக்காரர் ஒருவர் எழுதினார். பாண்டிச்சேரி ஆள் ஒருவர், இரண்டு முறை இறங்கிவிட்டுத் தன்னுடையதை விற்கப் போட்டிருப்பதாகச் சொன்னார். பிரிசில்லா இரண்டையும் எட்வினுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

மறுநாள் விடியும்போது புறப்பட்டார்கள். வழியில் பிரிசில்லா எட்வினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேமரா உறையைப் பட்டென்று மூடினாள். கரை மறைந்து வெகு நேரம் கழித்துக் கஸ்பார் நங்கூரத்தை இறக்கினார். பதினாறு பாகம் ஆழம், கிட்டத்தட்ட நூறடி. தண்ணீர் பழுப்பாக இருந்தது. நங்கூரக் கயிறு விறைத்து நின்றதிலேயே அடியில் நீரோட்டம் எப்படி இழுக்கிறது என்று தெரிந்தது.

“நீவாடு பலமா இருக்கு. கயித்தை விட்டுராதீங்க,” என்றார் கஸ்பார். “சண்டையைக் கரையில வந்து வச்சுக்கிடுங்க.”

கயிற்றைப் பற்றிக்கொண்டே இறங்கினார்கள். நீரோட்டம் பிரிசில்லாவின் உடம்பைக் கொடி மாதிரி கிடையாக இழுத்தது. ஒரு கையில் கயிறு. இன்னொரு கையில் அந்தக் கறுப்புப் பாரம். முழங்கை விண்ணென்று வலித்தது. அதைச் செய்தவனையும் வாங்கியவனையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே இறங்கினாள். பாதி ஆழத்தில் வெளிச்சம் பச்சையானது, அப்புறம் சாம்பல், அப்புறம் கிட்டத்தட்ட இருட்டு.

தரையில் முதலில் தெரிந்தது எஞ்சின். சிப்பி மூடிய இரும்புக் குவியலாக மணலில் சாய்ந்து கிடந்தது. அதைச் சுற்றித் தோணியின் விலா எலும்புகள் போல வளைந்த மரங்கள். எல்லாவற்றின் மேலும் அறுந்த வலை போர்த்தியிருந்தது. எஞ்சினின் அடியில் ஒரு அகலப் பலகை சிக்கியிருந்தது. பிரிசில்லா கையால் சேற்றைத் துழாவினாள். விரல்களுக்கு ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. அதன் பக்கத்தில் இன்னொன்று. மரத்தில் வெட்டிய எழுத்துகள்.

பலகையை அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. சேறு படிவதற்காகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு ஃப்ளாஷ் போட்டுப் படமெடுத்தாள். திரையில் வெள்ளைப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. மிதக்கும் தூசி அத்தனையும் ஒளியைத் திருப்பி அடித்திருந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடியும் பனி கொட்டியது போல வெள்ளை. எட்வினின் கைவிளக்கு அதை இன்னும் மோசமாக்கியது.

அப்போது சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. எட்வின் கட்டைவிரலை உயர்த்தி மேலே போகலாம் என்று சைகை காட்டினான். பிரிசில்லா தலையை ஆட்டி மறுத்தாள். நேற்று பொய் சொன்ன விளக்கை இன்று எதற்கு நம்ப வேண்டும்?

எட்வின் அவள் கையைப் பிடித்து இழுத்தான். உதறினாள். அவன் ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு தன் விளக்கை அணைத்துவிட்டுக் கேமராவைக் காட்டினான். அவனுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. விளக்கே இல்லாமல், அந்த இருட்டிலேயே எடுக்கச் சொல்கிறான். பழைய கேமராவில் நினைத்தே பார்க்க முடியாத காரியம்.

கையுறையைக் கழற்றி இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டாள். விறைத்த விரல்களால் பயறளவுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவி, கேமராவின் உணர்திறனை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டினாள். ஆடாமல் இருப்பதற்காக எஞ்சினுக்கும் மணலுக்கும் இடையில் கால்களை முட்டுக் கொடுத்தாள். மூச்சை மெதுவாக விட்டு, அமுக்கினாள்.

அவள் கண்ணுக்குத் தெரியாதது திரையில் தெரிந்தது. மங்கலாக, மணல் தூவினாற்போல, ஆனால் படிக்கும்படி: திவ்ய தாரகை.

நாலைந்து படம் எடுத்துவிட்டுத் திரும்பினாள். எட்வின் அவள் பக்கத்தில் இல்லை. கொஞ்சம் தள்ளி, தரைக்கு மேலே, விநோதமாகச் சுழன்றுகொண்டிருந்தான். வலை அவன் முதுகுச் சிலிண்டரின் கழுத்தில் மாட்டியிருந்தது. அவன் உதறியதில் அது தோளையும் சுற்றிக்கொண்டது.

கேமராவை மணலில் போட்டாள். நீந்திப் போய் அவன் தோளை அழுத்திப் பிடித்து, ஆடாதே என்று கண்ணால் சொன்னாள். காலில் கட்டியிருந்த கத்தியை உருவி நைலான் இழைகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். அறுக்க அறுக்க நீரோட்டம் புதிதாக ஒரு மடிப்பைக் கொண்டுவந்து போர்த்தியது. எட்வினின் குமிழிகள் வேகவேகமாக மேலே போயின. அவன் சிலிண்டரின் காற்றளவைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது. கடைசி இழை அறுந்ததும் தன் உபரிக் குழாயை அவன் வாயில் திணித்தாள்.

போக வேண்டியதுதான். ஆனால் படம் மணலில் கிடந்தது. தனக்குப் பிடிக்காத அந்தச் சாமானுக்காக, எட்வினை ஒரு கையால் பிடித்துக்கொண்டே, பிரிசில்லா தரையோடு ஊர்ந்து போய் அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். சிவப்பு விளக்கு அவள் மார்பில் எரிந்தபடியே வந்தது.

கயிற்றின் வழியே, நிதானமாக, உடம்பு ஆழத்தின் அழுத்தத்திலிருந்து தேற நடுவில் நிற்க வேண்டிய இடத்தில் நின்று மேலே வந்தார்கள். எட்வின் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். கஸ்பார் இருவரையும் ஏற்றினார்.

உறையைத் திறந்தபோது பிரிசில்லாவின் மடியில் உப்புத்தண்ணீர் கொட்டியது. மூடியை இறுக்கும் ரப்பர் வளையத்தில், தண்ணீர் புகும்படி ஒரு முடி ஒட்டியிருந்தது. அவளுடைய நீள முடி. காலையில் கோபத்தில் சரியாகப் பார்க்காமல் மூடியவள் அவள்தான். கேமரா செத்துவிட்டது. மெமரி கார்டை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, ஊதி, எட்வினின் மடிக்கணினியில் செருகினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு படங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

கஸ்பார் கடைசிப் படத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். திரையைத் தொட்டுவிட்டுக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்திருக்காரு அண்ணன்,” என்றார்.

எட்வின் பிரிசில்லாவின் பக்கம் திரும்பினான். “சென்னைக்குப் போயி பழசையே திருப்பி வாங்கிட்டு வாரேன் அக்கா. கேக்காம குடுத்தது தப்புதான்.”

“வேண்டாம். அதுல இந்தப் படம் விழுந்திருக்காது.” பிரிசில்லா தலையைத் துவட்டினாள். “விளக்கு எரிஞ்சப்ப நான் உன் பேச்சைக் கேட்டிருக்கணும். சாமான் மேல உள்ள கோவத்துல உன்னையும் சேத்து நம்பாம விட்டுட்டேன். ஆனா அந்தப் பொத்தானைச் செஞ்சவன் மட்டும் கையில கிடைச்சான்னா, கையுறை போட்டு இங்கயே இறக்கி விடுவேன்.”

எட்வின் முதல் தடவையாகச் சிரித்தான்.

துறைமுகத்தை நெருங்குமுன் கஸ்பார் போனில் சொல்லியிருந்தார். படகு கரை சேர்ந்தபோது தெருவே வந்து நின்றது. ரெஜினா முன்னால் நின்றாள். எல்லாரும் அவளுக்கு வழி விட்டார்கள். எட்வின் மடிக்கணினியை வெயில் படாமல் துண்டால் மறைத்து அவள் முன் பிடித்தான். அவள் படத்தில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாள். அழவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“நாளைக்குக் காலையில அவங்க ஆத்துமாவுக்காகக் கோயில்ல பூசை வைக்கணும். ஏழு பேரையும் பேர் சொல்லி வாசிக்கணும். எல்லாரும் வந்திருங்க.”

மறுநாள் காலையில் கோயில் நிறைந்து, வாசலைத் தாண்டித் தெரு வரைக்கும் ஆட்கள் நின்றார்கள்.