அண்ணி கூப்பிட்ட குரல்

மூடிக் கிடந்த சிமெண்ட் ஆலையில் மறுபடியும் வேலை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் சிமெண்ட் வேலை இல்லை. சத்த வேலை.

ஆலையின் துருப்பிடித்த தகடுகளைச் சைலோவுக்குள், அதாவது சிமெண்ட் கொட்டி வைக்கும் அந்த உயரமான வட்டக் கோபுரத்துக்குள், கம்பியில் தொங்கவிட வேண்டும். தகட்டின் முதுகில் சின்ன ஸ்பீக்கர். கேட்பவர்களுக்குத் தகடே பேசுவது மாதிரி இருக்குமாம். இதைக் கண்காட்சியாக அமைக்க வந்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் சத்தக்காரம்மா. பழைய ஆட்களும் அவர்கள் வீட்டாரும் உள்ளே நின்று ஒரு குரல் கொடுத்தால், எதிரொலியோடு பதிவு செய்துகொள்வார்.

அண்ணியும் வந்தார். என் அண்ணன் ஒருநாள் ஷிப்டுக்கு இந்த ஆலைக்குள் போனவன், வெளியே வரவில்லை. ஓடிப்போய்விட்டான் என்றது நிர்வாகம். சைலோவுக்குள் விழுந்திருப்பானோ என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து தெருவில் அண்ணிக்கு ‘ஓடிப்போனவன் பொண்டாட்டி’ என்றுதான் பெயர். ஓடினாரா இல்லையா, அது ஒன்றுதான் அண்ணிக்குத் தெரிய வேண்டும்.

உள்ளே பகலிலும் இருட்டு. ஈரச் சிமெண்ட் வாடை தொண்டையைப் பிடித்தது.

“ஏதாவது சொல்லுங்கக்கா. சுவரு திருப்பிச் சொல்லும்,” என்றார் சத்தக்காரம்மா.

“எங்க வீட்டுல யாரு திருப்பிப் பேசினா? சுவராவது பேசட்டும்.” அண்ணி சிரித்துவிட்டு, மேலே பார்த்து மெதுவாகக் கூப்பிட்டார்.

“என்னங்க.”

குரல் திரும்பி வரவில்லை.

நான் இருமினேன். என் இருமல் சுற்றிச் சுற்றி இறங்கி வந்தது. அண்ணி மறுபடி கூப்பிட்டார். ஒன்றுமில்லை. காற்றே இல்லாத இடத்தில் தகடுகள் லேசாக ஆடின.

“ஸ்பீக்கர் ஏதும் ஓடுதாம்மா?” என்று கிசுகிசுத்தேன்.

“இன்னும் கனெக்‌ஷனே குடுக்கலண்ணா.”

அண்ணி சுவரில் கன்னத்தை வைத்தார். “விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்.”

அதுவும் திரும்பவில்லை. யாரோ வாங்கி வைத்துக்கொண்டது மாதிரி இருந்தது.

“போலாம் அண்ணி.” கையைப் பிடித்து இழுத்தேன். மறுக்காமல் வந்தார். வாசலில் மட்டும் நின்று, வீட்டிலிருந்து கிளம்புகிறவர் போல உள்ளே பார்த்துச் சொன்னார்.

“வரேங்க.”

தகடுகள் அத்தனையும் ஒன்றாக நடுங்கின. தூசி அடைத்த தொண்டையிலிருந்து வருவது போல உள்ளிருந்து ஒரு குரல்.

“வா.”

போயிட்டு வா என்று சொல்லவில்லை.

வா என்று மட்டும்.

அண்ணி என் பிடியிலிருந்து, ஒவ்வொரு விரலாக, கையை விடுவித்துக்கொண்டார்.