மூன்று அங்குல மானம்

வெண்டல் ஹாஸ்கின்ஸ் பனியில் மல்லாந்து கிடந்தார்.

மார்பெல்லாம் சிவப்பு.

ஷெரீஃப் மார்வா டில்மன் மூச்சு வாங்க மலைச்சரிவில் ஏறி வந்தாள். குனிந்தாள். அந்தச் சிவப்பை விரலால் தொட்டு... முகர்ந்தாள்.

தக்காளி சூப்!

தோளில் தொங்கிய ப்ளாஸ்க்கைக் குண்டு துளைத்திருந்தது. ஆள் மேல் ஒரு கீறல்கூட இல்லை. பயத்தில் மயக்கம், அவ்வளவுதான். கன்னத்தில் தட்டியதும் வெண்டல் கண் திறந்து, சொர்க்கத்திலும் ஷெரீஃப் உண்டா என்று கேட்டார்.

சுட்டவர் ஓடவில்லை. போன் செய்ததே அவர்தான். பக்கத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

ஹார்லன் பீட்.

மோன்டானாவின் அந்த மூலையில், வேட்டைத் துப்பாக்கிக்குக் குழல் கடைவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. அவருடைய முன்னாள் மனைவி கோராவைத்தான் வெண்டல் வரும் சனிக்கிழமை கட்டிக்கொள்ளப் போகிறார். பழசையெல்லாம் மறப்போம் என்று ஹார்லனே வேட்டைக்கு அழைத்து வந்திருந்தார்.

நடந்ததை அழாக்குறையாகச் சொன்னார். எல்க் மான் தெரிந்ததாம். மடமடவென்று சுட்டாராம். நான்கு குண்டுகள் மான் பக்கம் போயின... ஐந்தாவது வெண்டல் பக்கம் போய்விட்டது. மலையேறத் தோதாக எடை குறைந்த துப்பாக்கி. மெல்லிசுக் குழல் சட்டென்று சூடாகும். சூடானால் வளையும். குறி தப்பும்.

வேட்டைக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மார்வாவுக்கும் தெரியும்.

மானின் கால்தடத்தைப் பார்த்தாள். வெண்டலைப் பார்த்தாள். வயர்லெஸ்ஸை எடுத்தாள். அதில் பேசினால் ஊரில் பாதிப் பேர் சமையலறையில் இருந்தபடியே கேட்பார்கள்.

"விபத்துதான். ஹார்லன் செஞ்ச குழல் சரியில்ல. அஞ்சாவது குண்டுக்கே முப்பது அடி விலகுது. யாராச்சும் அவர்கிட்ட வாங்கியிருந்தா, சுடும்போது பக்கத்துல நிக்காதீங்க."

ஹார்லனின் காது சிவந்தது.

"முப்பது அடியா?"

"நீங்கதானே சொன்னீங்க."

"குறி தப்பும்னேன். முப்பது அடின்னு எவன் சொன்னான்?"

"மான் அங்கே. வெண்டல் இங்கே. தண்ணிக் குழாயில சுட்டாக்கூட இதைவிட நேராப் போகும் ஹார்லன்."

ஹார்லன் எழுந்தே விட்டார்.

"இதோ பாரு மார்வா. இரும்பை உலையில வாட்டி, உள்ளே இருக்கிற முறுக்கை எடுத்துட்டுத்தான் கையே வெப்பேன். துப்பாக்கியோட மரக்கட்டையில எங்கேயும் ஒட்டாம குழலை நிறுத்துவேன். கொதிக்கக் கொதிக்கச் சுட்டாலும் நூறு கஜத்துக்கு மூணு அங்குலம். அதுக்கு மேல மயிரிழை விலகாது!"

"நீங்க சுட்டது முன்னூறு கஜத்துலேர்ந்து."

"அப்போ ஒம்போது அங்குலம். கணக்குப் போடு. நெஞ்சுக்குக் குறி வெச்சா சரியா ப்ளாஸ்க்ல..."

நிறுத்தினார்.

மார்வாவின் கட்டை விரல் இன்னும் வயர்லெஸ் பொத்தான் மேலேயே இருந்தது.

"நெஞ்சுக்கா...?" என்று வெண்டல் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

மார்வா விலங்கை எடுத்தாள்.

"விபத்துன்னு காட்டணும். அதுக்கு நாலு குண்டு சுட்டுக் குழலைக் காய்ச்சினீங்க. அந்தச் சூடுதான் குறியைக் கெடுத்து இவரைக் காப்பாத்தியிருக்கு. முதல் குண்டையே இவர் பக்கம் விட்டிருந்தா?"

"நடு நெஞ்சு," என்றார் ஹார்லன். குரலில் துளி வருத்தமில்லை. பெருமைதான் இருந்தது. "குழல் ஆறியிருந்தா என் குறி தப்பினதே இல்ல."

விலங்கு க்ளிக் என்றது.

"கவலைப்படாதீங்க. குழல் ஆற இருபது வருஷமாச்சும் வாங்கித் தர்றேன்."